கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு?

(சொறிக்கல்முனைக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் நிகழ்த்திய பேச்சு)



மலையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கோம். வழியில் எத்தனை பேர் மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க? லயத்தில் காசை விட்டுட்டு வரவும் பயம், கொண்டு வரவும் பயம்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஒரு நாட்டின் ஒரு வருட வருமானத்தை 100 ரூபா என்று வையுங்கள். ஜப்பானில் சுமார் 20 ரூபா அளவுக்கு நோட்டு சனங்கள் மத்தியில் இருக்கிறது. சுவீடனில் ஒரு ரூபா அளவுதான். இரண்டும் பணக்கார நாடுகள்தானே?

ஜப்பானில் பல வருடமாக வங்கி வட்டி இல்லாத மாதிரிதான் இருந்தது. விலைவாசியும் அவ்வளவாக ஏறவில்லை, களவும் குறைவு. அதனால் வயதானவர்கள் வீட்டிலேயே சேர்த்தார்கள். சுவீடனில் 2012இல் 'ஸ்விஷ்' வந்தது. கைபேசியிலேயே காசு கொடுக்கலாம். பல கடைகள் இப்போது நோட்டே வாங்குவதில்லை. ஆக, இது வெறும் பழக்கம் அல்ல. வட்டி, விலைவாசி, வசதி, நம்பிக்கை எல்லாம் சேர்ந்த காரியம்.

நமக்கோ வங்கி டவுனில். போனால் ஒரு பேர் போச்சு. அந்தக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஆனால் நம் நாட்டு விலைவாசி ஜப்பான் மாதிரி இருக்கவில்லையே! 2022 செப்டெம்பரில் கொழும்பில் சாமான் விலை முந்திய வருடத்தைவிட சுமார் 70 வீதம் ஏறியிருந்தது. வங்கி வட்டியும் அதை முழுதாக ஈடுகட்டவில்லை. பெட்டியில் கிடந்த காசுக்கோ ஒரு சதமும் கூடவில்லை.

இங்கிருந்து கிழக்கே கல்முனைக் கரை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது வீட்டோடு காசும் நகையும் போயின. வங்கிக் கணக்கில் இருந்ததைக் கடல் கொண்டுபோகவில்லை. 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது ஆயிரக்கணக்கான பெட்டகங்கள் கரையொதுங்கின. கண்டெடுத்தவர்கள் பொலிஸில் கொடுத்தார்கள், பெரும்பாலானவை உரியவர்களிடம் திரும்பின. நம் லயத்தில் தீப்பிடித்தால் தகரப்பெட்டிக் காசு திரும்புமா?

ஆகவே, அடுத்த சம்பளம் வரைக்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வேண்டியது கையில் இருக்கட்டும். மிச்சம், சிறு தொகையானாலும், உங்கள் சொந்தப் பேரில் சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் எங்களிடம் வாங்க, நிரப்பித் தருவோம். கார்ட் எடுத்தால் அதன் இரகசிய இலக்கத்தை யாருக்கும், எங்களுக்கும் சொல்ல வேண்டாம்.