மேலிடம் என்றால் எவ்விடம்?

(மல்லாங்கிணற்றில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மேடையேறுவதற்குச் சற்று முன்பு, தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "தம்பி, அருப்புக்கோட்டைக் கல்லூரி விவகாரத்தைப் பேசப் போறதாச் சொன்னாக. அந்த அம்மாவுக்குத்தான் பத்து வருசம் போட்டாச்சே, இன்னும் அதுல பேச என்ன இருக்கு?" என்று கேட்டார். கூட்டத்தில் சொல்கிறேன் ஐயா என்றேன். அதோ, முன்வரிசையில் துண்டை மடித்துப் போட்டு அமர்ந்திருக்கிறார். ஆகவே இன்றைய பேச்சு அவருக்கு நான் பட்ட கடன்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம். அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரியின் கணிதத் துறை உதவிப் பேராசிரியை நிர்மலா தேவி, தம்மிடம் பயிலும் மாணவியர் நால்வரைத் தொலைபேசியில் அழைக்கிறார். மதுரை காமராசர் பல்கலைக் கழகத்து உயர் அதிகாரிகள் சிலர் ஒரு காரியத்தை எதிர்பார்க்கிறார்கள், இசைந்தால் மதிப்பெண் வரும், பணம் வரும், எதிர்காலமே ஒளிமயமாகும் என்கிறார். என்ன காரியம் என்பதைத் தாய்மார்கள் நிறைந்த இந்த அவையில் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சும் அதைப் பச்சையாகச் சொல்லவில்லை. நெளிந்து, குழைந்து, தேன் தடவிச் சொல்லிற்று.

மதிப்பெண்ணைத் தூண்டிலாக வீசினார்களே, ஏன்? இந்தக் கரிசல் காட்டைப் பாருங்கள், விளங்கும். மழை வந்தால் பருத்தி, வராவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம். அந்தக் காசில் ஒரு பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள் என்றால், அந்த வீட்டின் மூன்று தலைமுறை நம்பிக்கையும் அவளுடைய மதிப்பெண் பட்டியலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். காரும் பங்களாவும் உள்ள வீட்டுப் பிள்ளையிடம் இந்தத் தூண்டில் வேலை செய்யாது. எந்தக் குளத்தில் எந்த இரை போகும் என்பதை அறிந்து வீசப்பட்ட தூண்டில் அது.

ஆனால் கடிபடவில்லை! அந்த நால்வரும் முடியாது என்றனர். மீண்டும் வற்புறுத்தல், மீண்டும் முடியாது. அதோடு விட்டார்களா? அத்தனை பேச்சையும் பதிவு செய்து வைத்தார்கள். ஏறத்தாழ இருபது நிமிடப் பேச்சு. வாயால் சொன்னால் நம்புவாரில்லை, பேராசிரியை சொல்வதே மெய்யாகும், நம் சொல் பொய்யாகும் என்பதை அந்த வயதிலேயே அறிந்திருந்தார்கள் போலும். அவர்கள் யார், எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்களும் தேடாதீர்கள்.

மார்ச் மாதத்திலேயே கல்லூரிக்குப் புகார் போயிற்று. கல்லூரி அப்பேராசிரியையைப் பணியிடை நீக்கம் செய்தது. அத்தோடு கோப்பு மூடிற்று. நாட்கள் ஓடின, வாரங்கள் ஓடின. ஏப்ரல் நடுவில் அந்த ஒலிப்பதிவு கைக்குக் கை மாறி, தொலைக்காட்சிகளில் முழங்கிய பிறகே, ஏப்ரல் 16ஆம் நாள் கைது நடந்தது. நெருப்பைக் கண்டவன் மணியடிக்க வேண்டும். இங்கே நெருப்பைக் கண்டவர்கள் கதவைச் சாத்தினார்கள். புகை வெளியே வந்த பிறகுதான் மணி அடித்தது. பணியிடை நீக்கம் என்பது ஒரு பணியாளர் மீது நிர்வாகம் எடுக்கும் நடவடிக்கை. மாணவியருக்குக் கிடைத்த நீதியாக அதை எண்ணிவிடக் கூடாது. நிர்வாகத்தின் பெயரைக் காக்கும் வேலை முடிந்தது, மாணவியைக் காக்கும் வேலை தொடங்கவே இல்லை.

அடுத்துப் பெரிய மாளிகை அசைந்தது. பல்கலைக் கழகத்தின் வேந்தரும் அன்றைய ஆளுநருமான பன்வாரிலால் புரோகித் அவர்கள், ஓய்வு பெற்ற ஆட்சிப்பணி அதிகாரி சந்தானம் அவர்களை விசாரணைக்கு அமர்த்தினார். ஏப்ரல் 17இல் பத்திரிகையாளரை அழைத்து, அந்தப் பெண்மணியைத் தாம் பார்த்ததே இல்லை என்று விளக்கினார். அந்தச் சந்திப்பின் முடிவில், கேள்வி கேட்ட பெண் செய்தியாளர் ஒருவரின் கன்னத்தைத் தட்டினார், கண்டனம் எழுந்தது, மறுநாள் மன்னிப்புக் கோரினார். எதற்காகக் கூட்டப்பட்ட சந்திப்பு, எதில் போய் முடிந்தது பாருங்கள்!

விசாரணை அறிக்கை மே மாதத்தில் தயாராயிற்று. யார் கைக்குப் போயிற்று? அமைத்தவர் கைக்கே! ஐயத்திற்கு ஆளானது பல்கலைக் கழகம். அதன் தலைமைப் பீடம் வேந்தர். அவரே விசாரணை அதிகாரியைத் தேர்ந்தார், அவரே அறிக்கையைப் பெற்றார். அந்த மனிதர் நல்லவரா அல்லவரா என்பது என் வாதமே அன்று. உத்தமரே அமர்ந்திருந்தாலும் தம் வீட்டு வழக்கைத் தாமே விசாரிக்கக் கூடாது; நம் ஊர்ப் பஞ்சாயத்தில் கூட அதை ஒப்ப மாட்டார்கள்.

இன்னொன்று. அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், இவ்விவகாரத்தில் ஆளுநரைத் தொடர்புபடுத்தி எழுதியதற்காக 'நக்கீரன்' கோபால் கைது செய்யப்பட்டார். எந்தப் பிரிவில்? இந்தியத் தண்டனைச் சட்டம் 124. ஆளுநரைக் கடமை செய்யவிடாமல் தாக்கித் தடுப்போருக்கான பிரிவு! எழுதுகோலைக் கத்தி என்று எண்ணிவிட்டார்கள். காவலில் வைக்க எழும்பூர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் எழுதியது சரியா தவறா என்பதை அவதூறு வழக்கில் பார்த்திருக்கலாம். கேள்விக்குக் கைவிலங்கு காட்டியதில்தான் அதிகாரத்தின் நடுக்கம் தெரிந்தது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் 29இல் திருவில்லிபுத்தூர் விரைவு மகளிர் நீதிமன்றம் நிர்மலா தேவி குற்றவாளி என்றது. மறுநாள் பத்தாண்டுச் சிறையும் 2 இலட்சத்து 42 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அவரோடு குற்றம் சாட்டப்பட்ட ஆடவர் இருவர் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றம் விடுவித்தவர்களை மேடையில் நின்று நான் குற்றவாளி ஆக்க மாட்டேன். நீங்களும் ஆக்கக் கூடாது.

ஆனால் ஐயா, கணக்கைப் பாருங்கள். தரகு பேசியவருக்குத் தண்டனை உண்டு. தரகு என்றால் வாங்குபவன் ஒருவன் இருக்க வேண்டுமல்லவா? "உயர் அதிகாரிகள்" என்று அந்தப் பேச்சில் வந்தார்களே, அவர்கள் யார்? மெய்யாகவே இருந்தார்களா, அல்லது வெறும் பூச்சாண்டியா? இருந்தார்கள் என்றால் பெயர் எங்கே? இல்லை என்றால், இல்லை என்பதை ஆராய்ந்து ஊரறியச் சொன்னவர் எவர்? பத்தாண்டுத் தண்டனை இந்த வினாவுக்கு விடையாகாது. அதனால்தான் இன்னும் பேசுகிறேன்.

வேறு நாட்டில் எப்படி என்று ஒரு சொல். அதே 2018இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தில் மருத்துவர் லாரி நாசர் என்பவன் வீராங்கனைகளுக்கு இழைத்த கொடுமைக்குத் தண்டனை பெற்றான். தண்டனை வழங்கப்பட்ட அன்றே பல்கலைக் கழகத் தலைவர் பதவி விலகினார். 332 பேருக்காக 50 கோடி டாலர் தர அந்நிறுவனம் இணங்கிற்று. அங்கும் பல ஆண்டுகள் புகாரை அமுக்கியவர்கள்தாம். அங்கே இருப்போர் தேவர்கள் அல்லர். ஆயினும், முதலில் சொன்னபோது ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி கீழ்ப்படியில் நிற்காமல் மாடிவரை ஏறிற்று.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பல்கலைக் கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு வேண்டும். பெண் பேராசிரியர் தலைமை தாங்க வேண்டும். மாணவர் தொடர்பான புகாரென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் குழுவில் அமர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்றோர் அதில் இருக்கவே கூடாது. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்! பல இடங்களில் அந்தக் குழு ஒரு பலகையில் குடியிருக்கிறது. பலகையில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு எடுப்பார் இல்லை.

இதைக் கேட்டுக் கைதட்டும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன், கசந்தாலும் பொறுத்துக் கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக் கழக வளாகத்தில் ஒரு மாணவிக்குக் கொடுமை நேர்ந்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. 30 ஆண்டு குறைவின்றிச் சிறை. விரைவான நீதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது; அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தருமாறு உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. ஆளுநரிடம் கேட்கும் கேள்வியை அரசிடம் கேட்கத் தயங்கினால், நாம் பேசியது மாணவிக்காக அன்று, மேடைக்காக என்றாகிவிடும். வேந்தர் பதவி எவரிடம் இருக்க வேண்டும் என்று நெடுநாளாக வாதாடுகிறோம், வாதாடுவோம். எவரிடம் இருந்தாலும் மாணவியின் புகார் எவ்விடம் போகிறது, எவ்விடம் தங்குகிறது என்பது தனிக் கேள்வி.

திங்கட்கிழமை காலையில் உங்கள் பெண் பேருந்துக்குப் புறப்படும்போது கேளுங்கள்: உன் கல்லூரியில் புகார்க் குழுத் தலைவி யார், மாணவ உறுப்பினர் மூவர் யார் என்று. தெரியாது என்பாளானால், கிளைத் தோழர்கள் நால்வர் சேர்ந்து கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள், அந்த நான்கு பெண்கள் ஏற்கவில்லை.