சாப்பிட்டு வந்தாயா?
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

தேக்குவாண்டோ பற்றிப் பேசச் சொன்னார்கள். அது கொரியாவில் பிறந்த கலை. 1962-இல் தென் கொரியத் தூதராக இங்கு வந்த ஜெனரல் சோய் ஹோங் ஹி அதை நம் நாட்டில் ஊன்றினார். 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது நம் எம். வாசுகி வெண்கலம் வென்றார். "பொம்பளப் பிள்ளைக்கு உதைக்கிற வேலை எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா அந்தச் செய்திக்குப் பிறகுதான் ஓய்ந்தார். அப்பா அதை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

அப்பா கிள்ளான் பக்கத்தில் பால்மரம் வெட்டியவர். என் பயிற்சிக் கட்டணத்தை ஒரு மாதமும் பிந்திக் கொடுத்ததில்லை. அதனாலேயே, முதல் போட்டியில் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறி.

இதில் எடைப் பிரிவு உண்டு. நான் 44 கிலோ. 43-க்குள் வந்தால் சின்னப் பெண்களோடு மோதலாமே என்று ஓர் அக்கா யோசனை சொன்னார். இரண்டு நாள் சோறு தொடவில்லை. முதல்நாள் இரவு பிரிக்பீல்ட்ஸில் சித்தி வீட்டில் தங்கினோம். சித்தி சுடச்சுட இட்லி வைத்தார். "வயிறு சரியில்ல சித்தி" என்று பொய் சொன்னேன். தண்ணீரைக்கூட வாயில் ஊற்றித் துப்பினேன். காலையில் தராசு 43-க்குக் கீழே காட்டியது. என்ன சாமர்த்தியம்!

முதல் சுற்றில் இரண்டு உதை சரியாகப் பட்டது. இரண்டாம் சுற்றில் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே நின்ற பெண் காலைத் தூக்கியதைப் பார்த்தேன். பார்த்தும் நகர முடியவில்லை. தலையில் பட்டு விழுந்தேன். நடுவர் கொரிய மொழியில் எண்ணினார்: ஹானா, தூல், செட்... எட்டுக்குள் எழுந்தேன். மீதி நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் எதிர்த்தரப்புப் பயிற்றுநரை வணங்க வேண்டும். போய் வணங்கினேன். அந்தச் சீனர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயா என்கிறார். பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. தம் மாணவிக்கு வைத்திருந்த மைலோவை என்னிடம் நீட்டினார்.

அப்பா பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. கிள்ளான் நெருங்கும்போதுதான், "பதக்கம் இல்லேன்னா உன்ன வீட்ட விட்டா தொரத்திடுவேன்?" என்றார்.

இப்போது நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மின்கவசம் வந்துவிட்டது. உடம்பில் படும் சாதாரண உதைக்கு 2 புள்ளி, தலையில் பட்டால் 3. ஆகவே தலையைத்தான் குறிவைக்கிறார்கள். ஓரிரு நாளில் குறைகிற எடை பெரும்பாலும் உடம்பின் தண்ணீர். தண்ணீர் வற்றிய பிள்ளை அந்த உதைக்கு விலக முடியாது.

பெற்றோர்களே, போட்டிப் பாரத்தில் எடை என்று ஒரு கட்டம் இருக்கும். பிள்ளை வயிறாரச் சாப்பிட்டு வளர்ந்த எடையை அதில் எழுதுங்கள். முதல்நாள் இரவு "பசிக்கலே" என்றால் விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்று தலைமையாசிரியர் சாடை காட்டுகிறார்.