கேஸ் மாத்திரை எத்தனை நாளைக்கு?

(கட்டபெட்டில் நடந்த மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு வரும் மருந்துச் சீட்டுகளை மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு பிரஷர், இன்னொருவருக்கு முட்டி வலி. நோய் எதுவானாலும் பெரும்பாலான சீட்டுகளில் பான்டோபிரசோல் அல்லது ஒமிபிரசோல் இருக்கிறது. எத்தனை நாளைக்குச் சொன்னார்கள் என்று கேட்டால், "கேஸ் மாத்திரைதானே பாய், மூணு வருஷமாப் போடறேன்" என்கிறார்கள்.

மாத்திரை கெட்டது என்று நான் சொல்லவில்லை. குடல்புண்ணுக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்த காலம் இருந்தது. அது வெகுவாகக் குறைந்ததற்கு, 1980களின் இறுதியில் வந்த ஒமிபிரசோலும் ஒரு காரணம். ஆனால் சாதாரண நெஞ்செரிச்சலுக்கும் புண்ணுக்கும் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரத்துக்குத்தான் அதை எழுதுகிறார்கள். அந்தக் கெடு முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

வயிற்றில் சுரக்கும் அமிலத்தை அல்லாஹ் வீணாகப் படைக்கவில்லை. உணவோடு போகும் கிருமியை அது கொல்கிறது. இறைச்சி, முட்டை, பாலில் உள்ள பி12 சத்தைப் பிரித்தெடுக்க அது வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதை அடக்கி வைத்தால் பி12 குறையலாம். கால் மரத்துப்போகும், மறதி வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதுவும் பி12-ஐக் குறைக்கக்கூடியது. பாதம் எரிகிறது என்றால் 'சர்க்கரைதான்' என்று விட்டுவிடாமல், பி12 பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எலும்பு விஷயமும் உண்டு. நீண்டகாலம் போடுகிறவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் அபாயம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-லேயே எச்சரித்தது. மழைக்காலத்தில் நம் படிக்கட்டுகளில் ஏறி இறங்கும் வயதான தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். திடீர் சிறுநீரகப் பாதிப்பையும் பக்கவிளைவாகக் குறிப்பிட வேண்டும் என்று 2019-ல் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகமே மருந்துக் கம்பெனிகளுக்குச் சொன்னது. இது எல்லாருக்கும் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தேவையே இல்லாதவர் எதற்காக அந்த அபாயத்தைச் சுமக்க வேண்டும்?

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இருதய நோய்க்கு ஆஸ்பிரின் போடுகிறவர்கள், வயிற்றில் ரத்தக் கசிவு வந்தவர்கள், வலி மாத்திரை விடமுடியாத முதியவர்கள் ஆகியோருக்கு இது பாதுகாப்பு. மற்றவர்களும் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த அமிலம் சில வாரம் அதிகமாகச் சுரக்கும். 'நோய் திரும்பிவிட்டது' என்று மறுபடி ஆரம்பித்துவிடுவோம். இந்தச் சுழற்சியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். படிப்படியாகக் குறைப்பதை டாக்டர் சொல்லித் தருவார்.

நம் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். குளிருக்கு விடியற்காலையில் வெறும் வயிற்றில் கடுந்தேநீர். பிறகு மதியம்வரை ஒன்றுமில்லாமல் தோட்டத்தில் இலை பறிப்பு. இரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட கையோடு படுக்கை. நோன்பு திறந்ததும் எண்ணெயில் பொரித்தது, ஸஹர் முடிந்ததும் தூக்கம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்ற ஹதீஸை எல்லா பயானிலும் கேட்கிறோம். வலீமா பிரியாணி வந்தால் மறந்துவிடுகிறோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை என்று வந்தால் 'கேஸ்' என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். கோத்தகிரியோ குன்னூரோ ஊட்டியோ, எங்கே போனாலும் வளைவுகளிலேயே நேரம் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள். மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றுக்கும் கடை மாத்திரையோடு காலம் தள்ளக் கூடாது.

அடுத்த மாதம் முதல், கேஸ் மாத்திரைக்கு உதவி கேட்பவர்கள் எத்தனை வாரத்துக்கு என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். இது பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. 'தொடர்ந்து வேண்டும்' என்று அவர் எழுதினால் அறக்கட்டளை தொடர்ந்து கொடுக்கும். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் சொல்லுங்கள். யாரையாவது கூட அனுப்புகிறோம்.