முகமில்லாத பதில்: சுயவிளம்பர அரசியலும் இலங்கை ஓவியமும்

ஆட்சியிலிருப்பவர் தம் உருவத்தைப் பணத்தாளிலும் மதிலிலும் கட்டடத்தின் பெயர்ப்பலகையிலும் பதித்துக்கொள்ளும்போது கலைஞர் அதற்கு எவ்வாறு பதிலிறுக்க முடியும் என்ற கேள்விக்கு, இலங்கையின் அண்மைக்கால ஓவியம் ஆழ்ந்து நோக்கத்தக்க விடையொன்றைத் தந்துள்ளது. உள்நாட்டுப் போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் நவம்பரில் புழக்கத்துக்கு வந்த ஆயிரம் ரூபாய்த் தாளைத் திருகோணமலைச் சந்தையில் கைமாற்றிய நேயர்கள் அதனை மறந்திருக்க மாட்டார்கள். அதன் முன்பக்கத்தில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச இரு கைகளையும் உயர்த்தி நின்றார். பின்பக்கத்தில் படையினர் தேசியக் கொடியை நாட்டிக்கொண்டிருந்தனர். மீனுக்கும் பாணுக்கும் அந்த வெற்றிச் சித்திரத்தையே நீட்ட வேண்டியிருந்தது. போரில் பிள்ளையை இழந்த தாய்க்கும் அதிலிருந்து விலக்கு இருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அம்பாந்தோட்டைத் துறைமுகமும் சூரியவெவ கிரிக்கெட் மைதானமும் மத்தள விமான நிலையமும் அவரது பெயரையோ குடும்பப் பெயரையோ தாங்கி எழுந்தன.

இத்தகைய விளம்பரத்துக்கு எதிரான பழைய கருவி கேலிச்சித்திரம், அதாவது ஒருவரது தோற்றக்கூறு ஒன்றை மிகைப்படுத்தி அவரது செயலை விமர்சிக்கும் கோட்டோவியம். குரக்கன் நிறச் சால்வையையும் மீசையையும் வரைந்தாலே வாசகர் ஆளை இனங்கண்டுகொள்வர் என்பது அதன் வலிமை. ஆனால் அந்தச் சால்வையையும் மீசையையுமே தலைவர் தம் முத்திரையாகக் கொண்டிருந்தமையால், வரையப்பட்ட ஏளனமும் ஓரளவு அவரது புகழுக்கே தீனியாயிற்று. சிரித்திரன் இதழை நடத்திய சி. சிவஞானசுந்தரம் சவாரித்தம்பர் போன்ற கற்பனை மாந்தரைப் படைத்து, தனியாளை விட்டுச் சமூகத்தின் போக்கை நையாண்டி செய்த வழி, இந்த இடரை நுட்பமாகத் தவிர்த்தது.

உருவங்களைக் கொண்டு அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்கள் கொடுத்த விலையைத் திருகோணமலை நன்கறியும். 2006 ஜனவரி 2 அன்று இந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்ற படைத்தரப்பின் கூற்றைப் பொய்யாக்கிய ஒளிப்படங்களை எடுத்த ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், அதே மாதம் 24 ஆம் திகதி இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சரியாக நான்கு ஆண்டுகளின் பின், 2010 ஜனவரி 24 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், கேலிச்சித்திரக் கலைஞர் பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டார்.

தலைவரின் முகத்தை வரையாமலே அவரது விளம்பர முறையை அம்பலப்படுத்தும் வழியைத் தொடர்ச்சியாகக் கையாண்டவர் ஓவியர் சந்திரகுப்த தேனுவர. 1997 இல் அவர் தொடங்கிய 'பரலிசம்', சோதனைச் சாவடிகளில் அடுக்கப்பட்ட தார்ப் பரல்களையே கலைப்பொருளாக்கியது. பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாகப் பூசப்பட்ட அந்த உருமறைப்புக் கோலம், அதாவது படைப்பொருளைச் சூழலோடு கலந்து கண்ணுக்கு மறைக்கும் வண்ணப் பூச்சு, தெருவில் நிற்கும்போது அன்றாடக் காட்சியாகிவிட்ட ஒன்று. காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டபோதோ, மறைப்பதற்காகப் பூசப்பட்ட வண்ணமே போரின் இருப்பைக் காட்டிக்கொடுத்தது. பரல்களுக்கிடையே அடையாள அட்டையை நீட்டியபடி நின்ற அனுபவமுள்ள இத்துறைமுக நகரத்தவருக்கு இக்கலையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் விளம்பரத்தின் வடிவம் மாறியது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, நடைபாதைகளும் பூங்காக்களும் ஆட்சியின் சாதனைச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. காணாமலாக்கப்பட்ட அப்பாவிகளுக்காக ஓவியர் ஜகத் வீரசிங்க 1999 இல் வடிவமைத்த நினைவாலயம் அந்த அழகுபடுத்தலில் இல்லாமற்போனது. தேனுவர 2013 இல் 'அழகுபடுத்தல்' என்ற தலைப்பிலேயே கண்காட்சி வைத்து, பளபளக்கும் பரப்பின் கீழ் எது புதைக்கப்பட்டது என்று கேட்டார். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச வென்றதும் இளைஞர்கள் நாடெங்கும் மதில்களில் வண்ணம் தீட்டியபோது, அக்கேள்வி மீண்டும் உயிர்பெற்றது. அந்த இளைஞர்களின் உழைப்பு உண்மையானது. ஆயினும் கேள்வி கேட்காத மதில் ஆட்சியின் விளம்பரப் பலகையாகவே நின்றுவிடும். அத்தகைய விளம்பரமும் நிலைக்கவில்லை. 2022 மே 10 அன்று, மக்கள் எதிர்ப்பின் நடுவே பிரதமர் பதவியிலிருந்து விலகிய மகிந்த ராஜபக்ச திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தஞ்சம் புகுந்தமையும், அதன் வாயிலில் மக்கள் திரண்டமையும், அந்தப் பணத்தாள் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் நிறைவதற்கு முன் நிகழ்ந்தவை.

தமிழருக்கு எதிரான 1983 கறுப்பு யூலை வன்முறையை நினைவுகூர்ந்து தேனுவர ஆண்டுதோறும் யூலை 23 இல் கண்காட்சி வைத்துவருவது, சிங்களக் கலைஞர் ஒருவர் தமது சமூகத்தின் முன்னிலையிலேயே எழுப்பும் கேள்வி என்ற வகையில் பெரிதும் போற்றத்தக்கது. ஆனால் அக்கண்காட்சிகள் பெரும்பாலும் கொழும்பின் காட்சிக்கூடங்களோடு நின்றுவிடுகின்றன. பரல்களின் நடுவே வாழ்ந்த திருகோணமலை மக்கள் அவற்றைப் பத்திரிகைப் படங்களில் மட்டுமே காண்பது நியாயமன்று. நகர மண்டபத்திலோ பாடசாலை மண்டபமொன்றிலோ அப்படைப்புகளை மூன்று மொழி விளக்கத்தோடு காட்சிக்கு வைப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை, அழைப்பவர்களே தேவை.