பல்பம் தின்ற பிள்ளை

மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை பல்பம் தின்பாள். இன்றைய பிள்ளைகளுக்குப் பல்பம் தெரியுமோ என்னவோ, சிலேட்டில் எழுதும் குச்சி அது. யோசிக்கிற மாதிரி வாயில் வைப்பாள். நறுக்கென்று ஒரு சத்தம் வரும், பாதிக் குச்சி காணாமல் போய்விடும். டீச்சர் ஸ்கேலால் புறங்கையில் அடிப்பார். ஒருநாள் அவள் அம்மாவே வந்து, "வேப்பெண்ணெயத் தடவிக் குடுத்தும் பாத்துட்டேன் டீச்சர், வுட மாட்டேங்குறா" என்று கண் கலங்கினார். பிள்ளைக்கு வாய் அடங்கவில்லை என்று ஆளாளுக்குப் பேசினோம். அவளுடைய கீழ் இமையை விலக்கி யாரும் பார்க்கவில்லை. சிவப்பாக இருக்க வேண்டிய அந்த இடம் வெளுத்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

உடம்பில் இரும்புச்சத்து குறைந்தவர்களில் சிலருக்கு, சாப்பிடக் கூடாததைச் சாப்பிடத் தோன்றும். பல்பம், அடுப்புச் சாம்பல், சுவர்க் காரை, மண் என்று ஆளுக்கு ஒன்று. இப்போது வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்துவிட்டதால் ஐஸ்கட்டியை நொறுக்கித் தின்கிறவர்களும் உண்டு. இரும்பு ஏற ஏற, பெரும்பாலும் அந்த ஆசை தானாக விட்டுப்போகிறது. அடிக்கவும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே, அரிசி புடைக்கும்போது பச்சரிசியை ஒரு பிடி வாயில் போட்டு மெல்லாமல் உங்களால் இருக்க முடிகிறதா? உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இரத்தம் சோதித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் கேட்கிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் நான்கில் ஒருவருக்குத்தான். ஒரே வீடு, ஒரே உலை, ஒரே குழம்பு. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். சட்டியில் மிஞ்சியது ரசமும் கருவேப்பிலையும் என்றால் அவளுக்கு அன்று அதுதான். இன்னொரு காரணத்துக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஒரு மில்லி இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 40 மில்லி போனால் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடும். நாம் சாப்பிடும் சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை, அதில் சிறு பங்கைத்தான் இழுத்துக்கொள்ளும். முருங்கைக்கீரையை மலைபோல நம்புகிறவர்களுக்கு இது வருத்தமாக இருக்கும். கீரை நல்லதுதான், அது மட்டும் போதாது. ஆட்டு ஈரலிலும் சுவரொட்டியிலும் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சுவரொட்டியைத் தேடி வாங்கிக் கொடுத்த நம் பாட்டிமார் சும்மா கொடுக்கவில்லை. சைவர்கள் கீரையோடு ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அதே கீரை கூடுதலாகப் பலன் தரும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியின் இரும்பும் கொஞ்சம் குழம்பில் இறங்கும்.

இத்தனையும் செய்துவிட்டு, சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ குடித்தால் பாதிக்குமேல் வீண். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. டீயை விடச் சொன்னால் எல்லாரும் வானொலியைத்தான் அணைப்பீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பெண் வயதுக்கு வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையுமாக ஊட்டி, மைக் செட் கட்டி ஊரைக் கூட்டுகிறோம். பந்தல் பிரித்த மறுநாள் அவள் காலை டிபன் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அவளுக்கு மாதப்போக்கு தொடங்குவதும், உடம்பு வளர்வதும் ஒரே சமயத்தில். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை அது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நீட்டினால் அது ஜன்னல் வழியாக வெளியே போகும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் பூச்சி மாத்திரையையும் விட்டுவிட வேண்டாம். கொக்கிப்புழு குடலில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிற ஜீவன்.

எல்லாச் சோகையும் இரும்புச் சோகை அல்ல. இதைக் கண்டறிந்ததில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது கடுமையான சோகையில் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எதைச் சாப்பிட வசதியில்லை என்று தேடிப் பார்த்தார். குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்திலும் வேலை செய்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்தார், கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் சொல்லும், இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில். அவர் மருந்தாகக் கண்டது மார்மைட். மதுபான ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்து, ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான சரக்கு. அதைக் கொடுத்ததும் அந்தத் தாய்மார்கள் தேறினார்கள். அதில் எது வேலை செய்தது என்பது அப்போது தெரியாது. பத்து ஆண்டு கழித்து 1941இல் பாலக் கீரையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கையில் வைக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான்.

அந்த மாத்திரையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. சாப்பிட்டால் குழந்தை கறுத்துப் பிறக்குமாம். கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன என்பது என் கேள்வி, அது இருக்கட்டும். குழந்தையின் நிறத்தை முடிவு செய்வது அப்பா அம்மாவிடமிருந்து வந்த மரபு, மாத்திரை அல்ல. ஒரு பேறுகாலத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சற்று முன் போட்ட கணக்கில், 50 மாதவிலக்கில் போகும் இரும்பு ஒன்பதே மாதத்தில் செலவாகிறது. ஏற்கெனவே காலியான உடம்போடு பிரசவத்துக்குப் போகிறவளுக்கு, மற்றவள் தாங்கிக்கொள்கிற உதிரப்போக்கே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை, 7 கிராமுக்குக் குறைந்தால் மருத்துவமனை விஷயம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில்.

பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் மாத்திரை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் போட்டு, கீரையும் பழமும் குளிர்ச்சி என்று ஒதுக்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூண்டு இருக்கட்டும், கீரையும் பழமும் இலையில் விழட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களிடம் வருகிறேன். "நிக்கப் போற நேரம், அப்படித்தான் கொட்டும்." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை பெண்கள் மாடிப்படி ஏற மூச்சு வாங்கிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்! ஒரு தடவைக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். வீட்டில் யாரும் அளக்க முடியாது. ஆகவே வேறு அளவு வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ராத்திரி படுக்கை நனைகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா? கர்ப்பப்பையில் சதைக்கட்டி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். பல சமயம் மருந்திலேயே சரியாகிறது, கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்பதில் தவறில்லை.

மாதவிலக்கு நின்றுபோன பிறகு இந்தச் செலவு இல்லை, இரும்பு உடம்பில் சேரும். அதனால் ஐம்பத்தைந்து, அறுபது வயதில் ஒருத்திக்கு இரும்புச் சோகை என்றால் வேறு எங்கோ இரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். முட்டிவலிக்கு வருடக்கணக்காகத் தின்ற மாத்திரையால் வந்த வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். மூலமாக இருக்கலாம். குடலில் கட்டியாகவும் இருக்கலாம். டானிக் வாங்கிக் கொடுத்து அனுப்புகிற வயது அல்ல அது.

தீட்டு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் சாதாரணமாக முடியும். கர்ப்பப்பைப் புற்றுநோய் வெளியே தெரிகிற முதல் அடையாளமும் சில சமயம் அதுதான், அந்தக் கட்டத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகும். ஆனால் பாட்டி சொல்ல மாட்டாள். துணியைத் தனியாக அலசி, கொல்லையில் யார் கண்ணிலும் படாமல் உலர்த்துவாள். மகனிடம் சொல்ல வாய் வராது, மருமகளிடம் சொல்ல மனசு வராது. பேத்தியிடம் சொல்லலாம். பேத்திகளே, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தடவித் தலை வாரிவிடும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் இருக்கிற அந்த நேரத்தில், மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது வானொலியை மட்டும் கொஞ்சம் சத்தம் குறைத்து வைத்துவிடுங்கள்.