கின்ஸாவில் ஓர் அளவுச் சாப்பாடு

டோக்கியோவின் கின்ஸா பகுதியில் பேர்பெற்ற சூஷிக் கடைகள் பல சட்டென்று கண்ணில் படுவதில்லை. ஏதோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்திலோ ஏழாம் மாடியிலோ, எட்டுப் பத்துப் பேர் உட்காரும் ஒரே ஒரு மர மேசை. அதற்கு அப்பால் நின்றபடி மீன் அரியும் சமையற்காரர். அவ்வளவுதான் கடை. இப்படிப்பட்ட இடங்களில் இரவில் ஒருவர் சாப்பிட 30,000 யென்னும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஆனால் அதே மேசையில், மதிய வேளையில், 5,000 யென்னை ஒட்டிய விலையில் அளவுச் சாப்பாடு போடும் கடைகளும் உண்டு. பெரிய விருந்தைச் சுருக்கித் தருகிறார்கள், அவ்வளவுதானே என்று பலரும் அதைத் தள்ளிவிடுகிறார்கள். சமையற்காரரின் கைத்திறனை அறிய அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் இன்று அறிந்த சூஷி, சீமான்கள் வீட்டில் பிறந்த பண்டம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில், டோக்கியோ இன்னும் எடோ என்று அழைக்கப்பட்ட நாளில், தெருவோரக் கடைகளில் நின்றபடியே இரண்டு மூன்று வாயில் போட்டுக்கொண்டு போகும் தீனியாக இருந்தது அது. 1804-இல் ஹாண்டா ஊரில் தொழில் தொடங்கிய நகானோ மதாஸாயெமோன் என்ற சாகே வடிப்பவர், வடித்தபின் மிஞ்சிய சக்கையிலிருந்து வினிகர் செய்தார். அரிசியிலிருந்து நேரே செய்த வினிகரை விட அது மலிவு. செம்பழுப்பு நிறமுள்ள அந்த வினிகர் கலந்த சோறுதான் எடோத் தெருக்களில் பரவியது. இன்று கின்ஸாவின் விலை உயர்ந்த கடைகள் சில அதே வினிகரைத்தான் பெருமையோடு பயன்படுத்துகின்றன.

ஓர் ஆளுக்கு இத்தனை துண்டு என்ற கணக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து அரிசிக்குத் தவித்த காலம். 1947-இல் உணவகங்கள் நடத்தக் கடுமையான தடை வந்தது. டோக்கியோ சூஷிக்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி, அதாவது சுமார் 150 கிராம், கொண்டுவந்து கொடுப்பார். கடைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு சூஷி பிடித்துத் தருவார். சோறு விற்கவில்லை, வேலை மட்டுமே செய்துகொடுத்தோம் என்று அரசுக்குச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இன்றும் ஓர் ஆள் தட்டில் பத்துத் துண்டை ஒட்டி வருகிறதென்றால், அது அந்தப் பஞ்ச காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சி.

பழைய பாணிக் கடைகளில் விலைப்பட்டியலே இருக்காது. இருந்தாலும் மீனின் பெயருக்கு எதிரே 'அன்றைய விலை' என்று மட்டும் எழுதியிருக்கும். கையில் அளவாகப் பணம் உள்ளவர் ஒவ்வொரு துண்டையும் மனக்கணக்குப் போட்டபடியே விழுங்க வேண்டும். அளவுச் சாப்பாட்டில் அந்தப் பயம் இல்லை. உள்ளே நுழையும் முன்பே தொகை தெரியும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. சொன்ன விலையில் 10 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மதியத்து விலை கடைக்காரர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? இரவுக் கடைக்காகக் கொடுக்கும் வாடகையும் சம்பளமும் மதியத்துக்கும் சேர்த்தே ஆகிவிடுகின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே வரிசை, மீன் வீணாவதில்லை. பெரிய சேமிப்பு மீன் தேர்வில்தான். 2019 ஜனவரியில் டோக்கியோவின் டோயோசு மீன் சந்தையில் 278 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது. ஆண்டின் முதல் ஏலத்தின் ஆரவாரம் அது, அன்றாட விலை அல்ல. ஆனாலும் அந்தச் சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதி எந்த நாளிலும் மலிவாகக் கிடைக்காது. ஆகவே மதியத் தட்டில் அது அநேகமாக இருக்காது, சிவந்த மெலிந்த சதைதான் வரும். அதனால் நட்டம் இல்லை. எடோக் காலத்தில் கொழுத்த பகுதியைச் சீக்கிரம் கெடுகிறது என்று ஒதுக்கினார்கள். சிவப்புச் சதையைத்தான் சோயாவில் ஊறவைத்து விரும்பித் தின்றார்கள்.

தட்டில் நான் காத்திருப்பது கொஹாதாவுக்கு. நம் மத்திக்கு உறவுமுறை சொல்லத்தக்க, முள் நிறைந்த சின்ன மீன். பச்சையாகத் தின்றால் பெரிய ருசி இல்லை. செதில் நீக்கி, குடல் எடுத்து, விரித்து, உப்புத் தூவி வைக்கிறார்கள். பிறகு கழுவி வினிகரில் போடுகிறார்கள். எத்தனை நிமிடம் என்பது மீனின் அளவு, கொழுப்பு, அன்றைய வெயில் இவற்றைப் பார்த்துக் கை முடிவு செய்வது. அதன்பின் ஒருநாளோ அதற்கு மேலோ ஆறப்போட வேண்டும். உப்பு கூடினால் கருவாட்டு வாடை, வினிகர் கூடினால் ஊறுகாய். சரியாக வந்த கொஹாதாவின் வெள்ளித் தோலில் கத்தியால் இரண்டு மூன்று கீறல் போட்டுச் சோற்றின் மேல் வைத்து அழுத்தும்போது, தோல் மடங்கிக்கொடுத்துச் சோற்றோடு ஒட்டிக்கொள்ளும். கொழுத்த சூரையை யார் வெட்டி வைத்தாலும் ஓரளவு ருசிக்கும். கொஹாதா அப்படியல்ல, சமையற்காரர் தேறினாரா இல்லையா என்பதை அந்த ஒரு துண்டே காட்டிவிடும்.

முட்டையையும் அலட்சியமாக நினைக்காதீர்கள். பழைய முறையில் செய்பவர்கள் அரைத்த இறாலையோ வெள்ளை மீனையோ முட்டையோடு கலந்து, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்து, பஞ்சுபோன்ற கட்டியாக எடுக்கிறார்கள். கடல் விலாங்கைச் சாற்றில் குழைய வேகவைத்து, அந்தச் சாற்றையே வற்றவைத்து மேலே பூசுகிறார்கள். மீன் மலிவு, நேரம் ஏராளம்.

மதியச் சாப்பாடு எல்லாக் கடையிலும் இப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன். பெயரை மட்டும் நம்பி வருபவர்களுக்கு முன்கூட்டியே பிடித்துவைத்த ஆறிய சோற்றை நீட்டும் கடையிலும் சாப்பிட்டிருக்கிறேன். சோற்றைத் தொட்டால் தெரிந்துவிடும். நல்ல கடையில் அது உடம்புச் சூட்டில் இருக்கும், வாயில் போட்டதும் உதிரும். குளிர்ந்து கட்டியாக இருந்தால் மீன் எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை.

போகிறவர்கள் முன்பதிவு செய்த நேரத்துக்குச் சரியாகப் போங்கள். ஒருவர் தாமதித்தால் மேசை முழுவதும் காத்திருக்க வேண்டும். வாசனைத் திரவியம் வேண்டாம். துண்டு முன்னால் வைத்த உடனே சாப்பிடுங்கள், கையால் எடுத்துச் சாப்பிடலாம், அங்கே அது மரியாதைக் குறைவு அல்ல. பச்சைத் தேநீர் பெரும்பாலும் கேட்காமலே வரும், காசும் இல்லை. சாகே கேட்டால்தான் ரசீது சட்டென்று ஏறும்.

வரிசை முடிந்ததும், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்கள். அப்போது கடல் முள்ளெலியையும் சூரை வயிற்றையும் கேட்டு, மிச்சம் பிடித்த பணத்தை இழக்க வேண்டாம். விலையைக் கேட்டுக்கொண்டு இன்னொரு கொஹாதா வாங்குங்கள். பெரும்பாலும் அது அந்தக் கடையின் மலிவான துண்டுகளில் ஒன்றாகவே இருக்கும்.