பிழை நாணயம்: அறிவதும் மதிப்பிடுவதும்

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நாணயம் சேகரிக்கும் மாணவர்கள் நம் எல்லோர் வகுப்பிலும் இருக்கிறார்கள். இப்போது அவர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "சார், இந்தக் காசு தப்பா அடிச்சிருக்கு. லட்சக்கணக்குல போகுமாமே?" நாம் விடை சொல்லாவிட்டால் கைப்பேசி விளம்பரம் சொல்லிவிடும்.

முதலில் நாணயம் உருவாகும் விதத்தைச் சொல்லிக்கொடுப்போம். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். விளிம்பைச் சற்று உயர்த்துகிறார்கள். பிறகு ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் அழுத்துகிறார்கள். பிழை வில்லையில் நேரலாம், அச்சில் நேரலாம், அடிக்கும்போதும் நேரலாம்.

தகட்டில் ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் மீண்டும் வெட்டு விழுந்தால், ஓரத்தில் பிறை போல் குறைந்த வில்லை கிடைக்கும். அத்தகைய காசில் குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். பின்னாளில் யாரோ வெட்டிய காசில் எதிர் விளிம்பு முழுமையாகவே இருக்கும்.

அச்சில் விரிசல் விட்டால் காசில் மேடான கோடு விழும். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். இன்றைய நம் நாணயத்தைப் புத்தகத் தாள் போலத் திருப்பினால் மறுபக்கமும் நேராகத் தெரிய வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ தெரிந்தால் அச்சு சுழன்றிருக்கிறது.

வில்லை நகர்ந்த நிலையில் அடி விழுந்தால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெற்றிடமாகும். முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசில் அதன் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும்.

ஆக, மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இயந்திரம் இதை எப்படிச் செய்திருக்கும்?" விடை கிடைக்காவிட்டால் அது பெரும்பாலும் சேதம்தான். பத்து ரூபாய் நாணயத்தின் நடுவட்டம் அடிப்பதற்கு முன்பே நகர்ந்திருந்தால், அச்சின் கோடுகள் இரு உலோகத்தின் மேலும் தொடர்ந்து ஓடும். தட்டிக் கழற்றிய காசில் அவை அறுந்து நிற்கும். அந்த நாணயத்தின் விட்டம் 27 மி.மீ., எடை 7.71 கிராம். அமிலத்தில் ஊறிய காசைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்டுக்குக் கீழே வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. குறி இல்லாததைப் பிழை என்று எண்ணிவிடக் கூடாது.

மதிப்புக்கு வருவோம். பிழை எவ்வளவு பெரியது, எவ்வளவு அரியது, காசு தேய்ந்ததா, வாங்க ஆள் உண்டா என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. பாதி ஒதுங்கி அடித்த காசிலும் ஆண்டு தெரிந்தால் கூடுதல் மதிப்பு. லேசாக நகர்ந்ததற்குப் பெரிய விலை இல்லை. தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு குறையும். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏலத்தில் உண்மையாக விற்ற விலையைப் பார்க்க வேண்டும்.

வைஷ்ணவ தேவி உருவம் கொண்ட 2012ஆம் ஆண்டு நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. அது நினைவு நாணயம். பிழை நாணயமே அல்ல. என் மாணவி ஒருத்தியின் அப்பா கூலி வேலை செய்பவர். அப்படியொரு காசை விற்க, "பதிவுக் கட்டணம்" என்று முகம் தெரியாத ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய் அனுப்பினார். பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. இத்தகைய வணிகத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணம் வாங்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் தர வருபவர் நம்மிடம் முன்பணம் கேட்க மாட்டார் என்பதைப் பிள்ளைகள் வழியாக வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்போம்.

காசை வெட்டியும் உரசியும் "பிழை" உண்டாக்கும் ஆசையும் சிலருக்கு வரும். நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் சொல்லிவைப்போம்.

ஒரு உருப்பெருக்கி, ஒரு அளவுகோல், ஆய்வகத் தராசு. இவை போதும். அடுத்த வாரம் ஒரு பாடவேளையில் பிள்ளைகளின் காசுகளை மேசையில் பரப்பி, பிழையா சேதமா என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.